மலைப்பாதையில் ஐந்நூறு மைல்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றின் காலைப் பொழுது. ஹற்றன் நகரிலிருந்து நுவரெலியாவை நோக்கிச் செல்லும் பெருவீதியில் சாம்பல் நிற மொறிஸ் மைனர் வண்டியொன்று மணிக்கு இருபத்தைந்து மைல் வேகத்தில் சென்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னே ஒரு பேருந்து. அதற்குப் பின்னே வெறுங்கூடைகளை ஏற்றிய மரக்கறி லொறி. அதற்கும் பின்னே சிவனொளிபாத மலையைத் தரிசித்துத் திரும்பும் யாத்திரிகர்களின் வான்கள் இரண்டு. பேருந்துச் சாரதி ஊதிய ஊதலில் கொட்டகலைத் தேயிலைச் செடிகளின் கொழுந்து உதிராமல் நின்றதே பெரிது! முன்னே சென்ற மொறிஸ் மைனரின் பின்கண்ணாடியில் ஓர் அட்டை காணப்பட்டது. "புது என்ஜின் பழகுகிறது. தயவுசெய்து முந்திச் செல்லுங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதப்பட்டிருந்தது.

அந்த வண்டியை ஓட்டிச் சென்றவர் நாமேதான். வளைவொன்றைக் கடந்ததும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம். சாரதி எம்மைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தார். அட்டையை வாசித்திருக்க வேண்டும். சினம் தணிந்து, சிரித்தபடியே கையசைத்துப் போனார்.

ஒரு காலத்தில் இத்தகைய அட்டைகள் புதுமையல்ல. புதிய மோட்டார் வண்டி வாங்கியவர்களும், பழைய வண்டிக்கு என்ஜின் வேலை செய்தவர்களும் முதல் ஐந்நூறு மைல் ஓடி முடியும்வரை இவ்வாறு எழுதி ஒட்டிக்கொண்டே வீதியில் இறங்குவர். இன்றைய வண்டிகளின் பாகங்கள் தொழிற்சாலையிலேயே மிக நுணுக்கமாகச் செப்பஞ் செய்யப்பட்டு வெளிவருவதால் அவ்வழக்கம் மறைந்துபோயிற்று. எம்முடன் வந்த தமையனாரின் மகள் பேராதனையில் பொறியியல் பயில்பவள். அவளே அந்த அட்டையை எழுதியவள் என்றாலும், "இதை ஒட்டிக்கொண்டு போனால் எல்லாரும் சிரிப்பார்கள், சித்தப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் எழுதினாள்.

வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார்க் காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார்; பின்னாளில் மினி வண்டியை உருவாக்கியவரும் அவரே. 1956இல் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 37 குதிரை வலுவும் கொண்ட என்ஜினுடன் 'மைனர் 1000' வெளிவந்தது. எம்முடையது அவ்வகையைச் சேர்ந்தது. தோட்டத்துச் சின்னத் துரைமாரும் வைத்தியர்களும் பாடசாலை அதிபர்களும் விரும்பி வாங்கிய வண்டி அது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தாயகம் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து, அத்தோட்டத்திலேயே பெரிய கிளாக்கராக இருந்த எமது தந்தையார் இதனை வாங்கினார். துரை அமர்ந்த ஆசனத்தில் அமர முதல் ஒரு மாதம் அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். அம்மா இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இலங்கைக்கு மோட்டார் வண்டிகள் வருவது பெரிதும் தடைப்பட்டிருந்தது. உதிரிப்பாகங்களும் அரிதாயின. அக்காலத்தில் உள்ள வண்டியை எப்படியாவது ஓடவைப்பதே கராஜ்காரரின் கல்வியாயிற்று. கடைசல் இயந்திரத்தில் ஆணி கடைந்தார்கள். லொறிப் பாகத்தை அராவிக் காருக்குப் பொருத்தினார்கள். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ நாற்பதும் இந்நாட்டில் இன்றும் ஓடுவதற்கு அந்தக் கைத்திறனே காரணம் என்போம். 1990களில் காலிப் பகுதியில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பதும் அறியத்தக்கது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோது, கொட்டகையில் கிடந்த பழைய வண்டிகளைப் பலரும் தூசி தட்டி எடுத்தார்கள். 2025 பெப்ரவரியிலேயே அத்தடை நீங்கியது. நாம் கூறும் பயணம் 2024இல் நிகழ்ந்தது.

எமது வண்டியின் என்ஜின் கெட்டதற்கு நாமே பொறுப்பு. 2022இல் பெற்றோல் இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களில் வண்டி பல மாதம் அசையாமல் கிடந்தது. பின்னர் பங்கீட்டுப் பெற்றோல் கிடைத்த உற்சாகத்தில், தண்ணீர்ப் பம்பு கசிவதைக் கவனியாமல் ஏறினோம். பத்தனைச் சந்திக்கு முன்னுள்ள ஏற்றத்தில் உலை கொதிப்பதுபோல் கொதித்து, ஒரு பிஸ்டன் உருளையோடு பிடித்துக்கொண்டது. வண்டியைக் கயிறு கட்டி ஹற்றனுக்கு இழுத்து வந்தோம். தந்தையார் இருந்திருந்தால் எம்மோடு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டார்.

டிக்கோயாப் பாதையில், தகரக் கூரையின் கீழ் சிறு கராஜ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டி போய்ச் சேர்ந்தது. வயது எழுபத்தெட்டு. தந்தையார் காலத்திலிருந்து இவ்வண்டியைத் தொட்ட கை அவருடையது ஒன்றே. என்ஜினைப் பிரித்து, உருளைகளை அளந்து பார்த்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தம்பி, ஒங்க அப்பா காலத்திலேயே ரெண்டு தரம் போர் பண்ணிட்டோம். இப்ப நாப்பதுக்குப் போகணும். அதோட இரும்பு முடிஞ்சிச்சி. இது கெட்டா மறுபடி கடைய முடியாது."

இதன் பொருள் யாதெனில், தேய்ந்த உருளையைக் கடைந்து சிறிது அகலமாக்கி அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். இந்த என்ஜினின் உருளை பிறக்கும்போது இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த விட்டமுடையது. அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று படிப்படியாகவே அகலமாக்கலாம். நாற்பதே கடைசிப் படி. அதற்கப்பால், உருளைக்குள் புதிய உறை இறக்கினாலன்றி வழியில்லை. அதைச் செம்மையாகச் செய்யக்கூடிய இடத்தை இனித் தேடியலைய வேண்டும் என்றும், தமக்கு இனி முழு என்ஜினைப் பிரிக்கக் கண்ணும் முதுகும் இடங்கொடா என்றும் பெரியவர் சொன்னார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் மூன்று நாள் அலைந்து நாற்பது அளவுப் பிஸ்டன்கள் நான்கைத் தேடிக்கொண்டு வந்தோம். ஆக, இந்த ஐந்நூறு மைலில் பிழை விட்டால் திருத்த இரும்பும் இல்லை; திருத்துபவரும் இல்லை.

பூட்டும் வேலை ஆறு வாரம் நடந்தது. பெரியவர் சிறுவனாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் என்ஜின் டிரைவருக்குக் கையாளாகச் சேர்ந்தவர். தேயிலை அரைக்கும் இயந்திரங்களைச் சுழற்றிய பெரிய டீசல் என்ஜினின் உடலில் திருப்புளியின் நுனியை வைத்து, அதன் பிடியைக் காதில் பொருத்திக் கேட்டுக் கேட்டே தொழில் பழகினாராம். அவருடைய தமையனாரும் அதே ஸ்டோரில் அதே தொழில் கற்றவர். 1964இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமையனாருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது, தம்பிக்கு வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஒரு நாள் தமையனார் குடும்பத்தோடு ஹற்றனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, நீலகிரியிலுள்ள கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். போகுமுன் ஆயுதப் பெட்டியைப் பங்கிட்டார்கள். சாவிக்கட்டு அண்ணனுக்கு, பீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுக் கோவை தம்பிக்கு. அந்தத் தகட்டை வைத்தே எமது வண்டியின் வால்வு இடைவெளிகளை ஆயிரத்தில் பன்னிரண்டு என்று அவர் அளந்து வைத்தார். துருவே இல்லை. ஐம்பது வருடமாக எண்ணெய் பூசிச் சீலையில் சுற்றி வைத்திருக்கிறார்.

இனி, 'பழக்குதல்' என்றால் என்னவென்று பார்ப்போம். எம் தமையன் மகள் கராஜில் நின்று கேட்ட கேள்வியே நல்ல தொடக்கம். "பழகுவது என்றால் இரண்டு பாகமும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து பொருந்துவதுதானே? மெதுவாக ஓட்டினால் தேயாது. தேயாமல் எப்படித் தாத்தா பழகும்?"

பெரியவர் திரும்பி எம்மைப் பார்த்து, "புள்ள சரியாத்தான் கேக்குது" என்றார். பிறகு அவளிடம், "ஒங்க வீட்டுல அம்மி கொத்தினா மொத நாளே சம்பலுக்கு அரைப்பாங்களா?" என்று வினவினார்.

அவள் வீட்டில் மின்சார அரைப்பான். ஆயினும் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாள். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் தவிட்டையோ அரிசியையோ அரைத்து வீசுவார்கள். கொத்தின முனைகளில் தளர்ந்து நிற்கும் பொடிக்கல் அதில் போய்விடும், பள்ளங்கள் நிற்கும். முனை முழுதும் தேய்ந்து கல் வழுவழுப்பானால் அம்மி அரைக்காது. தேயவே தேயாவிட்டால் பல்லில் கல் கடிபடும். உருளையின் உட்சுவரும் அப்படித்தான். கடைந்த பின்னர் அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே இடுகிறார்கள். கீறலின் பள்ளம் எண்ணெயைத் தாங்கும். அதன் கூர்முனைகளைப் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சிறிது சிறிதாக மழித்துச் சுவரோடு பொருந்திக்கொள்ளும். வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசை மாத்திரமன்று. எரிந்த வாயு வளையத்தின் பின்புறம் புகுந்து அதனை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. என்ஜினுக்குப் பாரம் இருந்தால்தான் அந்த வாயு அழுத்தம் உண்டாகும். பாரமே கொடாமல் தாலாட்டிக்கொண்டு ஓட்டினால் வளையம் சுவரைத் தொட்டும் தொடாமலும் வழுக்கும். எண்ணெய் சுவரில் கருகி, கண்ணாடி போன்ற மினுக்கம் படிந்துவிடும். பின்பு எத்தனை மைல் ஓடினாலும் வளையம் பொருந்தாது.

அப்படியானால் வேகமாக ஓட்டுவதா? அதுவும் கூடாது. புதுப் பரப்புகள் உரசும்போது வெப்பம் மிகும். பிஸ்டன் விரிந்து உருளையைப் பிடித்துக்கொள்ளும். அக்காலத்து மொறிஸ் கைநூல் முதல் 500 மைலுக்கு மணிக்கு 45 மைலைத் தாண்டாதே என்றும், எந்தக் கியரிலும் முழு வேகம் கொடாதே என்றும், என்ஜினைத் திணறவிடாதே என்றும் கூறுகிறது. இந்த மூன்றாவது கட்டளையைத்தான் நம்மவர் மறந்துவிடுகிறார்கள். பெற்றோல் மிச்சமென்று மேல் கியரிலேயே ஏற்றத்தில் முனகவிடுவது வேகமாக ஓட்டுவதிலும் கேடானது என்பது பெரியவரின் கருத்து. எமது கருத்தும் இப்போது அதுவே. முன்பு அவ்வாறு முனகவிட்டவர்களில் நாமும் ஒருவர்.

முதல் நாள், எண்ணெய் அழுத்தம் காட்டும்வரை தீப்பொறி ஆணிகளைக் கழற்றிவிட்டு என்ஜினை வெறுமனே சுழற்றினார்கள். பிறகு முடுக்கியதும் இருபது நிமிடம் ஐடிலுக்கு விடவேயில்லை. வால்வுகளைத் தூக்கும் கேம் தண்டுக்கு, கீழே சுழலும் கிராங் வாரியடிக்கும் எண்ணெய் பெருந்துணை; என்ஜின் மெதுவாகச் சுற்றினால் அது போதாது. கராஜ் முழுவதும் புகை. பெரியவர் திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அம்மாவை வண்டியில் ஏறும்படி அழைத்தோம். "சாணி மெழுகின வீட்டில் ஈரம் காயுமுன் கால் வைக்கிறதா? பழகி முடியட்டும்" என்று மறுத்துவிட்டார்.

முதல் நூறு மைலை டிக்கோயா, நோர்வூட் பக்கமே ஓட்டினோம். அதன் பின்னரே நுவரெலியாப் பயணம். ஹற்றன் ஏறத்தாழ 4,100 அடி உயரம். தலவாக்கலை அதனினும் சிறிது தாழ்வு. அங்கிருந்து நானுஓயா 5,300 அடி. நுவரெலியா 6,100 அடிக்கு மேல். முப்பது மைலுக்குட்பட்ட தூரத்தில் இத்தனை ஏற்றமும் இறக்கமும் கிடைப்பது என்ஜினைப் பழக்குவதற்கு வாய்ப்பா, சோதனையா என்று கேட்டால், ஓட்டுபவரின் காலைப் பொறுத்தது என்றே சொல்லவேண்டும்.

கொட்டகலையைக் கடந்து பத்தனைச் சந்தியில் வண்டி முன்பு நின்ற இடம் வந்ததும் நாம் வாய் திறக்கவில்லை. அங்குள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் பெயர்ப்பலகையைக் கடந்த பிறகே மூச்சு வந்தது. டெவன் நீர்வீழ்ச்சி வெள்ளைத் துணி தொங்கவிட்டதுபோல் எதிரே தோன்றுகிறது. கோப்பிக் காலத்துத் தோட்டத்துரை ஒருவரின் பெயரே அதற்கு வாய்த்தது. சிறிது தூரத்தில் சென்கிளயர். இலங்கையின் சிறிய நயாகரா என்று எம் பள்ளிப் பருவத்தில் அழைக்கப்பட்ட அருவி, மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பின்னர் மெலிந்துவிட்டது. தலவாக்கலை நகரின் அருகே அணையில் தேங்கிய நீர் அசையாமல் கிடக்கிறது. 150 மெகாவாற் மின்சாரத்துக்கு நாம் கொடுத்த விலைகளில் அந்த அருவியின் ஓசையும் ஒன்று. வண்டியை நிறுத்தி ரேடியேற்றரையும் குழாய் மூட்டுகளையும் தொட்டுப் பார்த்தோம். கசிவு இல்லை. வட்டகொடைப் பக்கமாகக் கையைக் காட்டி, மலையக மக்களின் வாழ்வை எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை பிறந்த மடக்கும்புரத் தோட்டம் அந்தத் திசையில்தான் என்று தமையன் மகளுக்குச் சொன்னோம். அவள் என்ஜின் மூடிக்குள் தலையை விட்டிருந்தாள். கேட்டாளோ என்னவோ.

லிந்துலைக்கு மேல் மெய்யான ஏற்றம் தொடங்குகிறது. ஒருபுறம் கிரேட் வெஸ்டர்ன் மலை முகிலுக்குள் தலையை நீட்டி நிற்கிறது. மலைகளிலே கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள். அப்பால் கவாத்து வெட்டி வெறும் கிளையாக நிற்கும் பகுதி. கவாத்து வெட்டிய செடியில் கொழுந்து விட்டதும் உடனே பறிக்கத் தொடங்குவதில்லை. சில வாரம் வளரவிட்டு, ஒரே மட்டத்தில் முறித்து, அதன் பின்னரே வழக்கமான பறிப்பு. புதிதாய்த் துளிர்த்த எதற்கும் இங்கே ஒரு முறை உண்டு.

மூன்றாம் கியரில் முப்பது மைல் வேகம். கால் மிதியை அரைவாசிக்குச் சற்று மேல் அழுத்தி, இருநூறு முந்நூறு யார் ஏறியதும் தளர்த்தி, மீண்டும் அழுத்தி, இப்படியே போனோம். என்ஜின் இலகுவாகப் பாடிக்கொண்டு ஏறியது. உயரம் கூடக்கூட வலு குறைவதை மாத்திரம் உணர முடிந்தது. நுவரெலியாவின் உயரத்தில் காற்று ஐதாகிவிடுவதால் என்ஜின் தன் வலுவில் ஆறிலொரு பங்கை இழக்கும். எமது 37 குதிரைகளில் ஆறு குதிரைகள் வழியிலேயே இறங்கிக்கொண்டன எனலாம். தண்ணீரும் அங்கே திறந்த பாத்திரத்தில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால் வெப்பத்தைக் கவனியாதவன் மலையில் வண்டி ஓட்டலாகாது.

நானுஓயாவுக்கும் ரதல்லைக்கும் இடையிலுள்ள குறுக்குப் பாதையில் போகவேண்டாம் என்று பெரியவர் கட்டளையிட்டிருந்தார். செங்குத்தான பாதை அது. 2023 ஜனவரியில் அங்கே நிகழ்ந்த விபத்தில் ஏழு உயிர்கள் போயின. நாம் நேர்வழியே சென்றோம்.

நுவரெலியாவைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. சிவப்புச் செங்கல் தபால் நிலையத்தையும் கிறகரி வாவியையும் அறியாதார் யார்? ஆயினும் வண்டி சம்பந்தமான இரு செய்திகளைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1848இல் இங்கு வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர் தமது குதிரை வண்டியைக் கொண்டுவர ஏவியபோது, றம்பொடைக் கணவாயில் குதிரைக்காரனின் அசட்டையால் வண்டி பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது, குதிரையும் மாண்டது. அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின், 1934இல், அதே ஊரில் மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் தொடங்கியது. ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டங்களோடு நடைபெறும் அந்தப் பந்தயத்தில், குறுகிய ஏற்றமொன்றை யார் மிகக் குறைந்த நொடிகளில் ஏறுகிறார் என்பதே போட்டி. எமது வண்டி அதில் கலந்துகொண்டால் அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்குள் ஏறி முடிக்கும் என்று தமையன் மகள் கணித்தாள்.

சோதனை திரும்பும்போது வந்தது. நானுஓயாவிலிருந்து நெடுந்தூரம் இறக்கம். மிதியைத் தொடாமல், மூன்றாம் கியரே வண்டியைப் பிடித்துக்கொள்ள இறங்கினோம். லிந்துலைக்கு அருகே சிறு மேடு வந்தது. மிதியை அழுத்தினோம். பின்கண்ணாடியில் பார்த்தால் வீதியையே காணோம்! நீலப் புகை. அந்த அட்டையின் பின்னால் மேகம் இறங்கியதுபோல் ஒரு புகை.

நீலப் புகையென்றால் எண்ணெய் எரிகிறது. வளையம் பொருந்தவில்லை. கடைசி இரும்பும் போயிற்று. இவ்வளவும் ஒரு கணத்தில் மனத்தில் ஓடின. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையொன்றின் பக்கத்தில் நிறுத்திக் கைத்தொலைபேசியில் பெரியவரை அழைத்தோம்.

"பொகை ஏறும்போதா, எறங்கி முடிச்சி மிதிக்கும்போதா?" என்று முதலில் கேட்டார்.

"இறங்கி முடித்ததும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து எண்ணுவதற்குள் நின்றுவிட்டது."

"ஆயில் பாருங்க."

அளவுகோலை எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். குறைந்திருந்தது, ஆனால் பயப்படுமளவுக்கு அல்ல. அதைச் சொன்னோம்.

"சரி. இப்ப வண்டியத் திருப்புங்க. அந்த ஏத்தத்த மறுபடி ஏறுங்க. எறங்குங்க. திரும்ப ஏறுங்க. எறங்கும்போது காலை எடுத்தே வச்சிருக்காம, நடுவுல நடுவுல மிதிச்சி விடுங்க தம்பி."

காரணத்தைத் தமையன் மகள் பாடப் புத்தகத் தமிழில் எமக்கு விளக்கினாள். மிதியை விட்டு இறங்கும்போது உருளைக்குள் காற்று வர வழியின்றி வெற்றிடம் போன்ற நிலை உண்டாகிறது. அது கீழிருந்து எண்ணெயை வளையங்களைத் தாண்டி மேலே உறிஞ்சும். உறிஞ்சிய எண்ணெய், மிதித்தவுடன் புகையாக எரியும். அளவோடு நிகழ்ந்தால் அது நன்மையே. தேய்ந்த இரும்புப் பொடியை அந்த எண்ணெய் கழுவிவிடும். ஆனால் வளையம் இன்னும் முழுதும் பொருந்தாத நிலையில் நீண்ட இறக்கம் முழுவதும் உறிஞ்சவிட்டது எமது தவறு. ஏற்றத்தின் பாரத்தையும் இறக்கத்தின் உறிஞ்சலையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதே மருந்து. சமவெளியில் அதற்காகப் பாடுபட வேண்டும். மலைநாட்டில் வீதியே அதைச் செய்யும்.

நேரம் மாலை நான்கு. பசி. முகில் இறங்கத் தொடங்கிவிட்டது. வண்டியைத் திருப்பினோம். அந்த ஏற்றத்தை மும்முறை ஏறி மும்முறை இறங்கினோம். கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டாம் முறை எம்மைப் பார்த்துச் சிரித்தார்கள், மூன்றாம் முறை ஓர் அம்மாள் வீதியோரம் வந்து, "வழி தவறிப் போச்சாங்கய்யா?" என்று இரக்கத்தோடு கேட்டார். மூன்றாம் இறக்கத்தில் புகை குறைந்ததா, குறைந்ததாக எண்ணிக்கொண்டோமா என்பது அன்று எமக்குத் தெளிவாகவில்லை. இருட்டும் சேர்ந்துகொண்டது.

அடுத்து வந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் மீண்டும் தலவாக்கலைக்கும் ஓடினோம். மஸ்கெலியாவில், 1969இல் நிறைவுற்ற மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய நகரம் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் கற்கள் வெளித்தெரியும். நாம் போன நாளில் நீர் நிறைந்தே இருந்தது. ஒவ்வொரு நூறு மைலுக்கும் எண்ணெய் அளவைக் குறித்து வைத்தாள் தமையன் மகள். முதல் நூறில் ஊற்றிய அளவில் பாதியும் நான்காவது நூறில் தேவைப்படவில்லை. ஐந்தாவதில் அளவுகோலின் கோடு அசையவேயில்லை. இறக்கம் முடிந்து மிதித்தால் பின்னால் வீதி துலக்கமாகத் தெரிந்தது.

ஐந்நூறாவது மைல் டிக்கோயாவில் நிறைந்தது. அங்கிருந்து நேரே கராஜுக்குச் சென்றோம். என்ஜின் சூட்டோடு இருக்கும்போதே எண்ணெயை ஒரு தகரத்தில் வடித்தார் பெரியவர். காந்தத்தை அதில் விட்டு எடுத்தபோது முனையில் கருநிறப் பசை ஒட்டியிருந்தது. அதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். துகள் தட்டுப்படவில்லை, பொடிதான். பழைய எண்ணெயை வேலிக் கம்பங்களுக்குப் பூச எடுத்துவைத்துக்கொண்டு, புது எண்ணெய் ஊற்றி, என்ஜினை முடுக்கினார்.

பிறகு சற்றுத் தயங்கி, தமையன் மகளிடம், "பாப்பா, ஒங்க போன்ல இந்தச் சத்தத்தப் புடிச்சி அண்ணனுக்கு அனுப்ப முடியுமா? கூடலூர்ல பேரப்பய போன் வச்சிருக்கான்" என்று கேட்டார்.

ஒரு நிமிட ஒலியைப் பதிந்து அனுப்பினாள். நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. எண்பது கடந்த ஒரு குரல், நலம் ஒன்றும் விசாரியாமல், நேரே விஷயத்துக்கு வந்தது.

"ஓட்டம் சுத்தமா இருக்குடா. ஒரு டப்பெட் மட்டும் தட்டுது. பாரு."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. என்ஜின் ஆறும்வரை வாசலில் பலகையில் அமர்ந்திருந்தார். ஐந்நூறு மைலின் பின் தலைப்பகுதியின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். அதற்குமுன் வால்வு மூடியைக் கழற்றி, சீலையிலிருந்து அந்தத் தகடுக் கோவையை எடுத்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். ஏழு வால்வுகள் பன்னிரண்டில் நின்றன. ஒன்றில் பதினைந்து நுழைந்தது.

போல்ட்டுகளை இறுக்கி, எட்டையும் அளந்து திருத்தி, மூடியைப் போட்டபோது மாலை ஆறு மணியாகிவிட்டது. அம்மா வீட்டு வாசலில் சால்வையைப் போர்த்துக்கொண்டு காத்திருப்பதாகத் தமையனார் தொலைபேசியில் சொன்னார்.